அறுபத்தொண்ணு பை ஏழு

என் அம்மாவுக்கு நான் எண்களைச் சொல்லிக்கொடுத்தது கூட்ஸ் வண்டியைப் பார்த்துத்தான். திருவண்ணாமலை ஸ்டேஷனில் பயணிகள் நிற்கும் பிளாட்பாரத்தைத் தாண்டி, கடைசியாக இருக்கும் லைனில் அரிசி வண்டியோ உர வண்டியோ வந்து நின்றால் சரக்கு இறக்கி முடிக்க ஒரு பகலாவது ஆகும். ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டிலும் பதினோரு எண்கள், வெள்ளை பெயிண்டில், ஒரு சாண் உயரத்துக்கு எழுதியிருக்கும். நாற்பத்திரண்டு வேகன்கள், நாற்பத்திரண்டு வரிகள். அவ்வளவு நீளமான கரும்பலகை எங்கள் பள்ளிக்கூடத்தில் கிடையாது.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்கள் யாருமில்லை. அப்பா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அம்மா கீழ்பென்னாத்தூர் பக்கம் ஆடு மேய்த்தும் கடலைக்காட்டில் மல்லாட்டை பிடுங்கியும் வளர்ந்தவர். ஆகவே எட்டாம் வகுப்பிலேயே நான் வீட்டில் பெரிய படிப்பாளி. ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு, பஸ் பலகை, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்களும் கொண்டுவருவார்கள். நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டுத்தான் படிப்பேன்.

அப்பா ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்தைப் பழுது பார்த்து ஒழுங்காக வைத்திருக்கும் கூட்டத்துக்குத்தான் கேங் என்று பெயர். பழைய மீட்டர் கேஜ் பாதையைப் பிடுங்கிவிட்டு அகலப் பாதை போட்ட வருஷங்களில் ஊருக்கு ரயிலே கிடையாது. அப்பா காலையில் போய்ச் சாயங்காலம் செம்மண்ணாக வருவார். புதுப் பாதையில் முதல் கூட்ஸ் வண்டி வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வண்டி போகப் போகத் தரை நடுங்கியது. கடைசி வேகன் தாண்டியதும் அப்பா குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தார், மற்றவர்கள் எல்லாரும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. அதற்கடுத்த வருஷம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார்.

படிக்காதவர் என்றாலும் விதவை என்பதால் அம்மாவுக்கு அதே கேங்கில் வேலை கொடுத்தார்கள். அப்பா போட்டிருந்த ஆரஞ்சுச் சட்டை மாதிரியே ஒன்று, புடவைக்கு மேலே. கடப்பாறையால் தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பரை நெம்ப வேண்டும், அதன் அடியில் ஜல்லியைக் குத்தித் திணிக்க வேண்டும், பத்துப் பேர் சேர்ந்து தண்டவாளத்தை நகர்த்தும்போது பதினோராவதாகத் தோள் கொடுக்க வேண்டும். மூன்று வருஷத்தில் அம்மாவின் வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. தலை வாரிக்கொள்ளக் கையைத் தூக்க முடியாது. காலையில் அவர் கொண்டையை நான்தான் முடிந்துவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் கேங்கில் கீமேனாக இருந்த பெரியவர் வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறார் என்ற பேச்சு வந்தது. கீமேன் கூட்டத்தோடு சேராமல் தனியாகப் போகிறவர். விடிந்ததும் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி எடுத்துக்கொண்டு கிளம்புவார். போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போய், வரும்போது இன்னொன்றைப் பார்த்துக்கொண்டே வருவார். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்றிருந்தால் தட்டி இறுக்குவார். எங்காவது விரிசல் கண்டால் கொடி காட்டி வண்டியை நிறுத்திவிட்டு, எந்த இடம் என்று போனில் சொல்வார். கடப்பாறை இல்லை, ஜல்லி இல்லை. நடையும் கண்ணும் போதும்.

அம்மா அந்த வேலைக்கு ஆசைப்பட்டார். அவர் வாய்விட்டு ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

"நடக்கறது எனக்கு இன்னா கஷ்டம்? கிரிவலம் வர்றவங்க பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோட சுத்தறாங்க. நான் பூட்ஸ் போட்டுக்கினு நடக்க மாட்டனா?" என்றார் கேங் மேஸ்திரியிடம்.

மேஸ்திரி அப்பாவோடு வேலை பார்த்தவர். அம்மாவை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். "நடப்பீங்க அண்ணி. கொடி காட்டுவீங்க. கிளிப்பு இன்னா, என்னையே தட்டி உள்ள எறக்கிடுவீங்க. ஆனா போன்ல இன்னா சொல்லுவீங்க? தவளைப் பாலத்துக்கிட்ட விரிசல்னா, ஸ்டேஷன்ல கீற புது சாரு வெளியூர்க்காரரு, தவளையைத் தேடிக்கினு போவாரு."

அம்மாவுக்குப் பாதை முழுவதும் மனப்பாடம். ஆனால் எல்லாம் அவர் வைத்த பெயர்கள். ஒத்தைப் பனை, மோட்டார் கொட்டாய், அப்பா சாப்பிடுகிற வேம்பு, மழைக்காலத்தில் தவளை கத்தும் சின்னப் பாலம். ரயில்வேக்கு இதெல்லாம் எண். பாதையோரம் கல் நட்டு, கிலோமீட்டரும் அதில் எத்தனையாவது கல் என்பதும் எழுதியிருக்கும். அறுபத்தொன்றாவது கிலோமீட்டரில் மூன்றாவது கல் என்றால் அறுபத்தொண்ணு பை மூணு. தண்டவாளத்துக்குப் பொறுப்பான இன்ஜினியரைக் கேங்கில் பெரிய சார் என்பார்கள். பழைய கீமேன் போனதும் பெரிய சார் கூடவே நடந்து பரீட்சை வைப்பார் என்று மேஸ்திரி சொன்னார். போட்டிக்கு இன்னொருவரும் இருந்தார், டிப்ளமோ படித்துவிட்டு கேங்குக்கு வந்த ஒரு தம்பி.

அன்று சாயங்காலமே நான் அம்மாவைக் கூட்ஸ் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கூட்ஸ் ஷெட் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து கூப்பிடு தூரம். வண்டி வந்த நாட்களில் அங்கே லாரிகள் வரிசையாக நிற்கும். லோடுமேன்கள் தலையில் துண்டைச் சும்மாடாகக் கட்டிக்கொண்டு, வேகனிலிருந்து லாரிக்கு மூட்டையோடு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். உர வண்டி என்றால் கண் எரியும். அரிசி வண்டி என்றால் ஊரில் உள்ள மைனா முழுவதும் அங்கேதான் இருக்கும். நாங்கள் வேலி ஓரத்தில் பழைய ஸ்லீப்பர் கட்டை ஒன்றில் உட்கார்ந்துகொள்வோம். நான் ஒரு குச்சியால் வேகனைக் காட்டுவேன். அம்மா சொல்ல வேண்டும்.

"மூணு. ஒண்ணு. முட்டை."

"முட்டை இல்லம்மா, சைபர்."

"நீ வாங்கினா சைபரு, நான் வாங்கினா முட்டையா? ரெண்டும் ஒண்ணுதான். மேல சொல்லு."

ஒரு வாரத்தில் ஒன்பது வரைக்கும் வந்துவிட்டார். ஆறும் ஒன்பதும் மட்டும் குழப்பும். "வவுறு கீழ இருந்தா ஆறு, தலை வீங்கினா ஒம்பது" என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். லோடுமேன்களுக்கு எங்கள் பாடம் பெரிய வேடிக்கை. மூட்டையோடு போகிற போக்கில் ஒருவர், "டீச்சரம்மா, இந்த வேகன்ல ஒரு நம்பர் அழிஞ்சிருக்குது, ரயில்வேக்கு எத்தினி மார்க்கு போடுவ?" என்பார். இன்னொருவர், "அக்கா, எனக்கும் ஒரு அட்மிஷன் போடச் சொல்லுங்க" என்பார். அம்மா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. நான் டீச்சர்.

இந்தப் பாடத்தில் ஒரு சங்கடம், கரும்பலகை கிளம்பிப் போய்விடும். ஒரு வரிசையைப் பாதி படித்திருக்கும்போது தூரத்தில் என்ஜின் கூவும், ஒவ்வொரு வேகனாக இணைப்பு இழுபட்டுத் தடதடவென்று சத்தம் எங்களைத் தாண்டிப் போகும், எண்கள் நகரத் தொடங்கும். அம்மா உட்கார்ந்தபடியே தலையைத் திருப்பித் திருப்பி, ஓடும் வண்டியில் கையில் கிடைத்த எண்ணையெல்லாம் கத்துவார். "ஏழு! ரெண்டு! ரெண்டு! அய்யோ பூடுச்சு!" பவுர்ணமி வந்தால் பாடத்துக்கு லீவு. ஸ்பெஷல் ரயில்களுக்கு இடம் வேண்டும் என்று கூட்ஸ் வண்டியை முந்தைய ஸ்டேஷன்களிலேயே நிறுத்திவிடுவார்கள். கடைசி லைன் வெறுமையாகக் கிடக்கும், அதற்கு அந்தப் பக்கம் மலை மட்டும் தெரியும். எண் எழுதாத வேகன் போல இருக்கிறது என்று அம்மா ஒருமுறை மலையைச் சொன்னார்.

முழு ஆண்டு லீவு வந்தது. எண்களைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, எந்த இடத்துக்கு எந்த எண் என்று கேட்டதும் சொல்ல வேண்டும் என்று எனக்கே ஒரு யோசனை தோன்றியது. நூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் அம்மாவின் பெயர்கள், வலப்பக்கம் ரயில்வேயின் எண்கள். காலையில் அம்மா வேலைக்குப் போனதும் நானும் கிளம்பினேன். தண்டவாளத்தில் கால் வைக்கக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பான சட்டம். அப்பா இருந்தபோதும் அதே சட்டம்தான். ஆகவே பாதையோரமாகப் போகும் ஒற்றையடித் தடத்திலேயே நடந்தேன். விழுப்புரம் பக்கம் போகப் போக எண்கள் குறைந்துகொண்டே வரும். ஒரு கல்லைப் பார்ப்பேன், எழுதுவேன், சுற்றிலும் பார்த்து அம்மாவின் பெயர் எது பொருந்துகிறது என்று கண்டுபிடிப்பேன்.

ஓரிடத்தில் தடம் தண்டவாளத்தை விட்டு விலகி, கருவேலங்காட்டுக்குள் ஒரு மேட்டின்மீது ஏறிப் போனது. அறுபத்தொண்ணு பை எட்டு வரை பார்த்திருந்தேன். மேட்டில் கொஞ்ச தூரம் கல்லே இல்லை. பிறகு ஒன்று தென்பட்டது, பாதி மண்ணில் புதைந்து. செடியை விலக்கிப் பார்த்தேன். அறுபத்தொன்று, கீழே ஏழு. எட்டுக்கு அடுத்து ஏழு, சரியாக இருந்தது. பக்கத்திலேயே வாய்க்காலும் சின்னப் பாலமும். தவளைப் பாலம் என்று இடப்பக்கமும் 61/7 என்று வலப்பக்கமும் எழுதிக்கொண்டேன். அதற்கப்புறம் தடம் மறுபடி தண்டவாளத்தை ஒட்டியபோது வந்த கல்லில் ஒன்று என்று இருந்தது. நடுவிலுள்ள கற்கள் உடைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நோட்டு முடிந்ததும் அட்டை போட்டேன். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் பிரித்தார். தினமும் சாயங்காலம் நான் இடப்பக்கம் கேட்பேன், அம்மா வலப்பக்கம் சொல்வார். ஒத்தைப் பனை? அறுபத்துமூணு பை ரெண்டு. மோட்டார் கொட்டாய்? அறுபத்துரெண்டு பை ஆறு. தவளைப் பாலம் வந்தபோது அம்மா ஒருநாள் நிறுத்தினார்.

"பாப்பா, இன்னிக்கு அங்கதான் ஜல்லி குத்தினோம். கல்லைப் பாத்தேன். மூணுன்னு போட்டிருக்கற மாதிரி இருந்துச்சே."

"ஏழும்மா."

"இல்ல பாப்பா, ரெண்டு வளைவு இருந்துச்சு..."

"உனக்கு இன்னும் மூணுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியல. நான் நேர்ல போய்ப் பாத்து எழுதினது தப்பா இருக்குமா?"

அம்மா என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "சரி, ஏழு" என்றார். அவருக்குக் குழப்பம் ஆறிலும் ஒன்பதிலும்தான், மூன்றிலும் ஏழிலும் ஒருநாளும் இருந்ததில்லை. அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

பரீட்சை நடந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு தொடங்கி இரண்டு வாரம். திரும்பி வந்தபோது அம்மா குழாயடியில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"தம்பிக்குக் குடுத்துட்டாங்க. ஒரு நம்பரு மாத்திச் சொல்லிட்டேன்."

"எது?"

"எதுவோ ஒண்ணு. நீ சோத்துக்கு ஒலை வெச்சியா?"

மறுநாள் சாயங்காலம் கூட்ஸ் ஷெட் பக்கம் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர்தான் நடந்ததைச் சொன்னார். பெரிய சார், டிப்ளமோ தம்பி, அம்மா, மேஸ்திரி நான்கு பேரும் நடந்திருக்கிறார்கள். கிளிப் தட்டுவதில் அம்மாதான் முதல். கொடி பிடிப்பதிலும் குறையில்லை. இடங்களைக் கேட்டுக்கொண்டே வந்த பெரிய சாருக்கு அம்மா கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னது ஆச்சரியமாம். தவளைப் பாலத்தின்மேல் நின்றுகொண்டு, இது எங்கே என்று கேட்டிருக்கிறார்.

"அறுவத்தொண்ணு பை ஏழு சார்னாங்க அண்ணி. சாரு, ஏழா, நல்லா யோசிச்சுச் சொல்லும்மான்னாரு. ஏழுதான் சார்னு அடிச்சுச் சொல்றாங்க. பத்தடி தள்ளி கல்லு கீது, அதுல மூணுன்னு பல்லை இளிச்சிக்கினு நிக்குது. நான் கண்ணைக் காட்டறேன், கையைக் காட்டறேன். திரும்பினாத்தான! நெஜமா விரிசல் வுட்டிருந்தா நாங்க எங்கியோ போய்த் தேடியிருப்போம்னு சாரு சொல்லிட்டாரு. அவரு சொல்றதும் நியாயந்தானம்மா."

சனிக்கிழமை அதே தடத்தில் போனேன். மேட்டில் அந்தக் கல் அப்படியே இருந்தது, 61, கீழே 7. பிறகு கருவேலங்கிளைகளை ஒதுக்கிக்கொண்டு, முள் குத்தக் குத்த, நேராகத் தண்டவாளத்தைப் பார்த்து நடந்தேன். நூறு அடி இருக்கும். அங்கே இன்னொரு பாலம், புதுசாகப் பூசியது. பக்கத்தில் இன்னொரு கல். அதில் மூன்று.

நான் நடந்த மேடு பழைய மீட்டர் கேஜ் பாதை. அகலப் பாதை போடும்போது அந்த வளைவை நேராக்கி, புதுசாக அளந்து, புதுக் கல் நட்டிருக்கிறார்கள். பழைய கற்களைப் பிடுங்கியவர்கள் இது ஒன்றை மறந்திருக்கிறார்கள். எட்டுக்கு அப்புறம் ஏழு வந்ததால் நான் சந்தேகப்படவே இல்லை. அம்மாவுக்கு இரண்டு கண்ணும் ஒழுங்காகத் தெரிந்தது. அவர் படித்ததும் சரி. ஆனாலும் எழுத்தில் இருப்பதைத்தான் பெரிய சாரிடம் சொல்லியிருக்கிறார். அதுவும் நான் எழுதியதை.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். வாசலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா எல்.ஐ.சி. கடிதத்தோடு எனக்காகக் காத்திருந்தார். "வந்துட்டா பாரு எங்க கலெக்டரு" என்றார். கடிதத்தைப் படித்துச் சொன்னேன். அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. நோட்டைச் சாமி படத்துக்கு முன்னாலிருந்து எடுத்து என் புத்தகங்களுக்கு அடியில் வைத்தேன். அம்மா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அம்மா திரும்பவும் கடப்பாறைக்குப் போனார். கேங்கில் கேலி மாசக்கணக்கில் ஓடியது. டீ வாங்கப் போகிறவர் அம்மாவைப் பார்த்து, "அக்கா, டீ மூணு சொல்லட்டுமா, ஏழு சொல்லட்டுமா?" என்பாராம். அம்மாவும் விடமாட்டாராம். "ஏழு சொல்லு, நாலை நீயே குடி. அப்பவாவது கையில தெம்பு ஏறுதான்னு பாக்கலாம்." அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார். நான் அவர் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பேன். அவருக்கு என் முகம் தெரியாது என்பது வசதியாக இருந்தது. அந்த மழைக்காலத்தில் தோள் இன்னும் மோசமாயிற்று. சோற்றைப் பிசையக்கூட இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொள்வார்.

ஆனால் பாடம் நிற்கவில்லை. அரிசி வண்டி வந்தால் அம்மாவே கூப்பிடுவார். "வா, உன் கரும்பலகை வந்து நிக்குது." இப்போது எண்களை ஒவ்வொன்றாகச் சொல்வதைத் தாண்டி, நூறு, ஆயிரம் என்று சேர்த்துப் படிக்கக் கேட்டார். பிறகு தன் பெயரின் எழுத்துகள். நான் முன்பு போலக் குச்சியை ஆட்டவில்லை, தொண்டையைச் செருமவுமில்லை. அவர் தப்பாகச் சொன்னால்கூட இரண்டாவது தடவை வேகனைப் பார்த்துவிட்டுத்தான் திருத்தினேன்.

தை மாசம் டிப்ளமோ தம்பி வேறு ஒரு தேர்வில் பாஸாகி, மேல் வேலைக்குப் போய்விட்டார். பெரிய சார் அம்மாவையே மறுபடி கூப்பிட்டிருக்கிறார் என்று மேஸ்திரி வீட்டுக்கே வந்து சொன்னார். அவர் போனதும் நான் புத்தகங்களுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவுக்கு எதிரே போய் நின்றேன்.

"ம்மா. அந்த ஏழு என் தப்பு. அது பழைய கல்லு. நீ சொன்னதுதான் சரி, மூணுதான்."

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"பரீட்சைக்கு மறுநாளே போய்ப் பாத்துட்டேன். என் பொண்ணு இல்லாத நம்பரை எழுத மாட்டாளே, எங்க இருந்து எடுத்தான்னு தேடினேன். காட்டுக்குள்ள கீது. அந்த வளைவுல கல்லு பிடுங்கினது உங்கப்பா இருந்த கேங்குதான். அவரு பிடுங்காம வுட்டாரு, நீ படிச்சே, நான் ஒப்பிச்சேன். குடும்பமா சேர்ந்து கோட்டை வுட்டிருக்கோம்."

"அப்பவே ஏம்மா சொல்லல? நான் பெரிய சார்கிட்ட போய்ச் சொல்லியிருப்பேனே."

"சொல்லியிருப்ப. அப்புறம் எனக்குச் சொல்லிக்குடுக்க உக்காந்திருப்பியா? உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? நோட்டை மூடிட்டுப் பூடுவ. எனக்கு அப்ப நூறுகூட முழுசா வரல."

நான் அழுதேன். அம்மா கீரைக் காம்பை என்மேல் எறிந்தார். "அழுவற நேரத்துக்கு இதை உருவு."

இரண்டாவது பரீட்சைக்கு அம்மா நோட்டு எதையும் புரட்டவில்லை. நடந்ததை இந்தமுறையும் மேஸ்திரிதான் சொன்னார், குவார்ட்டர்ஸே கேட்கும்படி. பெரிய சார் வேண்டுமென்றே தவளைப் பாலத்தில் நின்றாராம். இது எங்கேம்மா என்றாராம், சிரித்துக்கொண்டு. அம்மா முதலில் கல்லைப் பார்த்திருக்கிறார்.

"புதுக் கல்லு அறுவத்தொண்ணு பை மூணு சார். பழைய கல்லு அறுவத்தொண்ணு பை ஏழு, அந்தக் கருவேலங்காட்டுக்குள்ள நிக்குது. போன தடவ நான் சொன்னது அது. தெரியாதவங்க யாராவது அதைப் படிச்சுட்டு போன் போட்டா உங்களுக்கு ஆபத்து. எடுத்துடுங்க."

பெரிய சார் நம்பவில்லை. முள்ளுக்குள் இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறார். பேண்ட்டில் இரண்டு இடம் கிழிந்ததாம். திரும்பி வந்து, "இத்தனை வருஷமா இந்தப் பக்கம் போய்க்கிட்டும் வந்துக்கிட்டும் இருக்கேன், என் கண்ணுல படலியே" என்றாராம். அன்றைக்கே கல்லைப் பிடுங்கச் சொன்னார். அன்றிலிருந்து அம்மா கீமேன். கீவுமன் என்று கூப்பிட வேண்டுமோ என்று கேங்கில் கொஞ்ச நாள் பேசிப் பார்த்தார்கள், வாயில் வரவில்லை, விட்டுவிட்டார்கள்.

பிடுங்கிய கல்லை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கணக்கில் இல்லாத கல். பாலத்தோரம் இரண்டு நாள் கிடந்தது. மூன்றாம் நாள் தள்ளு டிராலியில் ஸ்பேனர், கடப்பாறைகளோடு அதுவும் ஊருக்கு வந்தது. மேஸ்திரியும் இன்னொருவரும் தூக்கிவந்து எங்கள் குழாயடியில் போட்டார்கள். "அண்ணி, உங்க ஏழு. வெச்சுக்கோங்க" என்றார் மேஸ்திரி. அம்மா அதைப் படுக்கவைத்து, தேய்த்துக் கழுவி, துணி துவைக்கிற கல்லாக்கிக்கொண்டார்.

இப்போது நான் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என் வகுப்பில் யாராவது விடை என்னுடையதோடு ஒத்துப்போகாமல் கை தூக்கினால், போர்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். பிள்ளைகள் அதை என் பழக்கம் என்று நினைக்கிறார்கள். பஸ் ரயில்வே கேட்டில் நிற்கும்போது கூட்ஸ் வண்டி போனால் என் வாய் தானாக எண்களை முணுமுணுக்கும். என்ஜின் இப்போது கரண்டில் ஓடுகிறது, வேகமாகப் போய்விடுகிறது. ஓடுகிற வண்டியில் நான்கு எண்களுக்கு மேல் என்னால் பிடிக்க முடிவதில்லை. அம்மா ஆறு பிடிப்பார்.

கடைசி லைன் பக்கம் எப்போதாவது போகிறேன். ஷெட்டுக்கு முன்னால் சிமென்ட் போட்டுவிட்டார்கள். நாங்கள் உட்கார்ந்த ஸ்லீப்பர் கட்டையைக் காணோம். மைனாக்கள் அப்படியே இருக்கின்றன. வயதான லோடுமேன் ஒருவர் மட்டும் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "டீச்சரம்மா, எங்க உங்க ஸ்டூடண்ட்?" என்று கேட்டார்.

ஸ்டூடண்ட்டுக்கு இன்னும் கொஞ்ச வருஷம் சர்வீஸ் இருக்கிறது. விடிந்ததும் சுத்தியலோடு கிளம்புகிறார். கொண்டையை அவரே முடிந்துகொள்கிறார், கொஞ்சம் கோணலாக. போன ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் என் காட்டன் புடவைகளைத் துவைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க வந்து பாரு. அறுவத்தொண்ணு அப்படியே கீது. உன் ஏழுதான் தேஞ்சு தேஞ்சு ஒண்ணு மாதிரி ஆயிடுச்சு. இது இன்னா நம்பரு, நீயே படி."

புடவையை ஒதுக்கி, தண்ணீரை வழித்துவிட்டு, குனிந்து பார்த்தேன். மேலே இருந்த கோடு மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று விரலால் தடவியும் பார்த்தேன்.

"எனக்குத் தெரியலம்மா. நீ சொல்லு."